கேபின் 6218-இல் யாருமில்லை

தலையில் டையை அப்பி எட்டு நிமிஷம் ஆகியிருந்தபோது கப்பல் அலறியது. ஏழு குட்டை, ஒரு நெட்டை. வத்சலா எண்ணினாள், எண்ணாமல் இருக்க அவளால் முடியாது, மணி அடித்தால் எத்தனை அடி என்று எண்ணத்தான் வேலூர் கான்வென்ட்டில் பத்து வருஷம் பழக்கினார்கள், அங்கே படித்த மற்றதெல்லாம் காற்றோடு போனாலும் இது மட்டும் போகவில்லை. கூரையிலிருந்த ஸ்பீக்கர் எதையோ இங்கிலீஷில் சொன்னது, பிறகு இந்தியில் சொன்னது. பிளாஸ்டிக் தொப்பி காதுக்குமேல் சரசரவென்று உரசியதில் ஒன்றும் பிடிபடவில்லை. டிரில்தான். வேறென்ன. எல்லாரும் ஐந்தாம் தளத்தில் போய் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும், பெயர் பார்த்து டிக் அடிப்பார்கள், அது முடிந்தால்தான் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகரும் என்று ஏறும்போதே சொன்னார்கள். “எனக்குத் தலைவலின்னு சொல்லிடுங்க” என்றாள் கணவர் தணிகைவேலிடம். “கட்டாயம் வரணுங்கறாங்களே” என்று இழுத்தார் அவர். முப்பத்திமூன்று வருஷம் பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரான மனுஷன், கட்டாயம் என்று யாராவது சொன்னால் போதும், கை தானாகச் சட்டைப் பொத்தானைப் போடும். “பஸ்ஸுல ஏறினா பஸ் கவுந்தா எப்படி விழறதுன்னு சொல்லித் தராங்களா? போங்க. ராத்திரி டின்னருக்கு நம்மகூட வந்திருக்கிற உங்க பழைய ஆபீஸ் பொம்பளைங்க ஏழு பேரும் பட்டுப்புடவையில வந்து உக்காருவாங்க, நான் வெள்ளை வகிட்டோட வரணுமா?” அவர் போனார். வீட்டிலேயே அடித்திருக்கலாம் இந்த டையை. வீட்டில் எப்போது அடிப்பது? ஃபிரிட்ஜைக் காலி பண்ணி, கேஸை மூடி, துளசிக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டில் சாவி கொடுத்து, அவருடைய மாத்திரையை நாலு நாளைக்கு நாலு டப்பாவாகப் பிரித்து முடிப்பதற்குள் டாக்சி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. இப்போது உள்பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, டாய்லெட் மூடிமேல் உட்கார்ந்து, முப்பது நிமிஷம் ஆகட்டும் என்று காத்திருந்தாள். மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிற அளவுக்குச் சின்ன பாத்ரூம். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஆனாலும் தாழ்ப்பாள் இருந்தது. அதுவே பெரிய விஷயம்.

அப்போதுதான் கேபின் கதவைத் தட்டினார்கள். டக் டக் டக். “ஹவுஸ்கீப்பிங். எனிபடி இன்சைட்?” அதே குரல். மத்தியானம் ஒரு மணிக்குக் கேட்ட அதே குரல். அப்போதும் இப்படித்தான், டக் டக் டக் என்று தட்டினான், யாரு என்று இவள் வாயைத் திறப்பதற்குள் பீப் என்றது, கதவு திறந்தது, கையில் இரண்டு பெட்டியோடு உள்ளே நிற்கிறான், இவளோ ரவிக்கையும் பாவாடையுமாக, புடவை கொசுவத்தைக் கையில் பிடித்தபடி. சட்டையில் ரெக்ஸ் என்று பெயர் குத்தியிருந்தது. கறுத்து, ஒல்லியாக, மணிப்பூர்க்காரனுமில்லை, பிலிப்பைன்காரனுமில்லை, எந்த ஊரோ. “தடிமாடு மாதிரி நுழையறான் பாருங்க, இவன் வீட்டுல பொம்பளைங்க இல்லையா” என்று தணிகைவேலிடம் அவன் காது படவே சொன்னாள், தமிழ் அவனுக்குத் தெரியவா போகிறது என்று. அவன் முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. “வெல்கம் அபோர்ட், மேடம்” என்றான். அந்த மரியாதைதான் அவளை இன்னும் எரித்தது. உடனே போனை எடுத்து ரிசப்ஷனில் கம்ப்ளெயின்ட் கொடுத்தாள், கான்வென்ட் இங்கிலீஷ் எதற்கு இருக்கிறது பின்னே, பிரைவசி என்றாள், டிக்னிட்டி என்றாள், இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான், பின்னால் இவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இப்போது மறுபடி பீப். வத்சலாவின் கை தானாகப் போய் பாத்ரூம் விளக்கை அணைத்தது. ஏன் அணைத்தாய்? கேட்டால் சொல்லத் தெரியாது. விளக்கோடு சேர்ந்து மேலே சுற்றிய ஃபேனும் நின்றது. கும்மிருட்டு. ஜன்னல் இல்லாத கேபின், அதற்குள் ஜன்னல் இல்லாத பாத்ரூம், வெளியே மூன்றரை மணி வெயில் கொளுத்துகிறது என்று அடித்துச் சொன்னாலும் நம்ப முடியாத இருட்டு. டையின் நெடி மட்டும் மூக்கைக் குத்தியது. பார்க்கட்டும், போகட்டும். டிரில் சமயத்தில் ஒவ்வொரு கேபினாகத் திறந்து பார்த்து, ஆள் இல்லையென்றால் கதவில் ஒரு சிவப்பு அட்டை மாட்டுவார்கள் என்று கப்பல் டி.வி.யில் காட்டினார்கள். அட்டை மாட்டினால் அந்த அறை காலி. அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அட்டை உரசுகிற சத்தம் கேட்டது. கதவு மூடியது. அப்பாடா என்று மூச்சை விட வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். கட்டில் கிறீச்சிட்டது.

உள்ளேதான் இருக்கிறான். கதவை உள்ளேயிருந்து மூடியிருக்கிறான். யாரும் இல்லாத கேபினில் ஒரு ஆம்பளைக்கு என்ன வேலை? நகைப்பை சூட்கேஸில் இல்லை, செருப்புக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள், செருப்பைத் தொடுவானா, தொடுவான், திருடனுக்குச் செருப்பென்ன. வாட்ஸப்பில் வந்ததே, ஹோட்டல் ரூம், தனியாக இருந்த பெண், அதை முழுக்கப் படிக்காமல் தள்ளிவிட்டாள், முழுக்கப் படித்திருந்தால் என்ன செய்வதென்று கடைசி வரியில் போட்டிருப்பான். கத்தலாமா? கத்தினால் யார் வருவார்கள்? ஆறாம் தளம் முழுக்கக் காலி, அத்தனை பேரும் கீழே நிற்கிறார்கள், கதவில் காலி என்று அட்டை தொங்குகிறது. தன் வாயாலேயே தலைவலி என்று சொல்லித் தன்னைக் கழித்துக்கொண்டாள், அவன் தன் கையாலேயே காலி என்று எழுதிவிட்டான். பாத்ரூமைத் திறந்து பார்க்க வேண்டாமா அவன்? பார்க்கவில்லை. பார்த்திருந்தால்? பார்க்காததும் குற்றம், பார்த்தால் அதைவிடக் குற்றம். மூச்சை அடக்கினாள். மூச்சை அடக்குவது அவளுக்குப் புதிதில்லை. ஹாஸ்டலில் காலைப் பூசைக்குப் போகாமல் குளியலறையில் ஒளிந்துகொள்வாள், இந்துப் பெண்களுக்குக் கட்டாயமில்லை என்பார்கள், ஆனால் வராதவர்கள் பெயர் சனிக்கிழமை பலகையில் இருக்கும். சிஸ்டர் பெர்னதெத் வந்து கதவுக்கு வெளியே நிற்பாள். தட்ட மாட்டாள், கூப்பிட மாட்டாள். கதவுக்குக் கீழே இடைவெளியில் கறுப்பு ஷூ இரண்டு தெரியும், அவ்வளவுதான். அந்த ஷூ நகர்கிற வரை வத்சலா ஒரு காலில் நின்றுகொண்டு நூறு வரை எண்ணுவாள். ஒரு நாள் ஷூ நகரவேயில்லை. எழுநூறு வரை எண்ணினாள். அதற்கப்புறம் கல்யாணம், அரக்கோணத்தில் புகுந்த வீடு, மாடியில் ஒரே ஒரு அறை, அதில்தான் மாமியாரின் இரும்பு பீரோ. குடும்பத்தின் சகலமும் அந்த பீரோவில், பட்டுப்புடவை, பத்திரம், ரேஷன் கார்டு, நாத்தனாரின் ஜாதகம். எந்நேரமும் யாராவது பீரோவைத் திறக்க வருவார்கள். பீரோவுக்குத்தான் சாவி, அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, எதுக்கும்மா தாழ்ப்பாள், நாமெல்லாம் ஒண்ணுதானே என்பார் மாமியார். ஒண்ணுதான். வத்சலா அங்கேயும் பாத்ரூமுக்குள் போய்த்தான் அழுதாள், பாத்ரூமுக்குள் போய்த்தான் கடிதம் படித்தாள், ஒரு தடவை பாத்ரூமுக்குள் உட்கார்ந்து முழு மாம்பழம் ஒன்றைத் தின்றாள், யாருக்கும் பங்கு கொடுக்காமல், கொட்டையை டவலில் சுற்றி எடுத்துவந்து வெளியே எறிந்தாள். ஐம்பத்தாறு வயசு. உலகத்தில் அவளுக்கென்று இருக்கிற அறை எல்லாமே நாலடிக்கு நாலடி, தரை ஈரமாக இருக்கும்.

“ஜெனி, கேக்கா?” என்றான் அவன். தமிழ். வத்சலாவுக்கு இருட்டிலும் கண் விரிந்தது. சுத்தமான தூத்துக்குடித் தமிழ், உப்புக்காற்று மாதிரி வீசியது. “ஆமாட்டி, கப்பல்லதான். அஞ்சு நிமிஷந்தான் பேச முடியும், கப்பல் விட்டுட்டுன்னா டவர் போயிரும். டூட்டில போன் எடுக்கப்பிடாது, ஒரு ரூம்ல ஒளிஞ்சு இருந்து பேசுதேன். செத்த உக்காந்தேன், காலு கொதிக்கி.” ஒளிந்து இருந்து. அவனும்தானா. “கேளு, வந்த அன்னைக்கே ஒரு வார்னிங் லெட்டர் வாங்கியாச்சு. சிரிக்காத. இன்னொண்ணு வந்தா திருகோணமலைலயே இறக்கி விட்டுருவானுவ. ஒரு அம்மா. கதவத் தட்டிட்டுப் பத்து எண்ணணும், பெறவுதான் கார்டு போடணும், நான் அஞ்சுதான் எண்ணுனேன். தப்புதான். இருவத்திரெண்டு கேபினுக்குப் பெட்டி தூக்கணும்லா, பத்து பத்தா எண்ணிட்டு நின்னா விடிஞ்சிரும். நம்ம பக்கத்துப் பொம்பளதான், தமிழ்லயே தடிமாடுன்னு சொல்லிச்சு. நான் என்ன செய்யதுக்கு? கெஸ்ட்டுகிட்ட இங்கிலீசுதான் பேசணும்னு ரூலு. தடிமாடு வெல்கம் அபோர்ட் மேடம்னு சொல்லிச்சு.” சிரித்தான். அந்தப் பக்கம் போனில் அவள் சிரிப்பதும் பொடிப்பொடியாகக் கேட்டது. வத்சலாவுக்கு முகம் சூடானது. வெட்கமா கோபமா, இரண்டும் ஒரே அடுப்பில்தான் எரியும்போல. பொம்பளையாம். தமிழ் தெரியும் என்றால் அப்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, மரம் மாதிரி நின்றுகொண்டு ஒட்டுக்கேட்டானே. நீ இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் வத்சலா? நான் என் பாத்ரூமில் இருக்கிறேன். காசு கொடுத்த பாத்ரூம். அவன்தான் என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், என் நைட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பான். ஐந்து எண்ணினானாம். அப்படியென்றால் நான் சொன்னது சரிதான், கம்ப்ளெயின்ட் நியாயம்தான். நியாயம்தானே? நியாயமாக இருந்தும் ஏன் இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்து எண்ணியிருந்தால் மட்டும்? பத்துக்குள் புடவை கட்டிவிட முடியுமா யாராலாவது?

டை எரிய ஆரம்பித்தது. முதலில் உச்சியில், எறும்பு ஊருகிற மாதிரி. பிறகு காதுக்குப் பின்னால். சொறியக் கை போனது, தொப்பி சரசரத்தது, கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது நிமிஷத்துக்கு மேல் வைக்காதே என்று பெட்டியில் போட்டிருந்தது. எத்தனை ஆயிற்று? கைக்கடிகாரம் வெளியே, செல்போன் வெளியே, மூக்குக்கண்ணாடியும் வெளியே. குழாயைத் திறந்தால் தீர்ந்தது, ஒரு குவளைத் தண்ணீர், ஆனால் இந்தக் குழாய் திறந்தால் யானை பிளிறுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். ஒரு சொட்டு நெற்றியில் இறங்கியது, புருவத்தில் தங்கியது, யோசித்தது, கண்ணுக்குள் விழுந்தது. ஐயோ என்பதை உதட்டுக்குள்ளேயே மென்று விழுங்கினாள். கண்ணைப் பாவாடையில் ஒத்தினாள், இன்னும் எரிந்தது. வெளியே அவன் கூரையில் ஒழுகுகிற ஓட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், தார்ப்பாய் போடச் சொல்லு, அந்தோணி அண்ணன்ட சொல்லு, அவர் ஏணி தருவார். கூரை ஒழுகினால் ஒழுகட்டும், வைடா போனை. தரை லேசாக அதிர்ந்தது. எஞ்சினா? கட்டிப்போட்ட கப்பலில் எஞ்சின் எதற்கு ஓடும்? டிரில்தான் என்று அந்த ஸ்பீக்கர் சொன்னதா? சொன்னதை இவள் கேட்டாளா? கேட்கவில்லை. டிரில்தான் என்று இவளாகச் சொல்லிக்கொண்டாள். நிஜமாக இருந்தால்? எங்கேயோ எஞ்சின் அறையில் தீ, நெடி வருகிறதே, இல்லை, அது என் தலை. நிஜமாக இருந்தால் இவன் இப்படித் தார்ப்பாய் பேசிக்கொண்டிருப்பானா? ஆனால் அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நிஜமாக இருந்து இவனும் எழுந்து போய்விட்டால், அட்டை தொங்குகிறது, அறை காலி, படகுகள் இறங்கிவிடும். தேடுகிறவன் சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவான். ஆறு நாள் கழித்து யாராவது வந்து திறந்தால், தலை மட்டும் கருகருவென்று.

அப்போது காரிடாரில் ஷூ சத்தம். இரண்டு பேர், மூன்று பேர். பக்கத்துக் கேபினில் பீப், கதவு, “டாய்லெட்டையும் திறந்து காட்டு” என்று அதட்டலான இங்கிலீஷ். அட்டை மாட்டிய அறையையும் மறுபடி திறந்து சோதிக்கிறார்கள். “வைக்கேன்” என்றான் ரெக்ஸ். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அவன் நடு அறையில் நிற்கிறான் என்று வத்சலாவுக்குத் தெரிந்தது, எங்கே ஒளியலாம் என்று பார்க்கிறான் என்றும் தெரிந்தது, ஏனென்றால் இந்தக் கேபினில் ஒளிவதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. கைப்பிடி திரும்பியது. தாழ்ப்பாளில் இடித்து நின்றது. மறுபடி திரும்பியது, மெதுவாக, நம்பாமல். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு, இந்தப் பக்கம் ஒரு மூச்சு. நடுவில் அரை அங்குலம் பிளாஸ்டிக் பலகை. இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. காலி என்று மாட்டிய அறையில் ஆள். அதிலும் எந்த ஆள். வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடி பார்த்தாள், முழுதாகப் பார்த்தாள்: ஆபீசர் வருவான், கையில் போனோடு இவனைப் பிடிப்பான், தாழ்ப்பாளைக் கழற்றி இவளையும் பிடிப்பான், இவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதால் போதும், நல்ல குடும்பத்துப் பெண்மணி, அறைக்குள் ஒரு வேலைக்காரன். அவள் என்ன சொன்னாலும் நம்புவார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் நம்புவார்கள். இந்த மரியாதை இத்தனை நாள் எங்கே இருந்தது?

“ரெக்ஸ்” என்றாள். குரல் ஆம்பளைக் குரலாக வந்தது. “கட்டில் மேல நைட்டி இருக்கு. எடுத்துக் குடு.”

“அம்மா” என்றான் கடைசியில், கெஸ்ட்டிடம் பேசக்கூடாத தமிழில். “அம்மா, நீங்க எவ்வளவு நேரமா…”

“கேக்காத. போனை உள்ள வை. நைட்டியக் குடு. கண்ண மூடிக்க.”

தாழ்ப்பாளை எடுத்து ஒரு சாண் திறந்தாள். ஒரு கை வந்தது, கை மட்டும், நைட்டியோடு. அவள் அதைத் தலைவழியே மாட்டி, தொப்பி கிழிபட இழுத்து, விளக்கைப் போட்டு வெளியே வந்தபோது கேபின் கதவில் பீப் என்றது. தோளில் தங்கப்பட்டை வைத்த ஆபீசர், பின்னால் மத்தியான சூப்பர்வைசர். வத்சலா முந்திக்கொண்டாள். “நான் டாய்லெட்டில் இருந்தேன். தலைவலி. இந்தப் பையன் தட்டினான், பத்து எண்ணிவிட்டு உள்ளே வந்து, டாய்லெட் கதவைத் தட்டி என்னை வெளியே வரச் சொன்னான். அவன் கண்டுபிடிக்காவிட்டால் உங்களில் யாருக்கும் நான் இங்கே இருப்பது தெரிந்திருக்காது.” இங்கிலீஷ் தடங்கலில்லாமல் வந்தது, பொய் சொல்லும்போது எப்போதும் அப்படித்தான். ஆபீசர் அவள் நெற்றியில் இறங்கும் கறுப்பைப் பார்த்தார், கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், ரெக்ஸைப் பார்த்தார். “தலையைக் கழுவிவிட்டு வரட்டுமா?” என்றாள். “முதலில் கீழே வாருங்கள், மேடம். விதி” என்றார். ரெக்ஸே கையில் ஏந்துகிற மாதிரி கூடவே படியிறக்கிக் கூட்டிப்போனான். வழியில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அது தமிழாக இருக்கும்.

ஐந்தாம் தளத்தில் இருநூறு ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் கயிறு கட்டின வரிசைகளில் வெயிலில் நின்றன. எல்லாத் தலையும் திரும்பியது. தணிகைவேலின் ஆபீஸ் பெண்மணிகள் ஏழு பேரும் ஒரே முகமாகப் பார்த்தார்கள். பட்டியல் பிடித்திருந்த வடக்கத்திப் பெண் கேபின் நம்பரைக் கேட்டாள், தாளில் விரலை ஓட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள். அந்தக் கேபினில் இரண்டு பேர், இரண்டு பேருமே வந்தாகிவிட்டதே மேடம், என்றாள். வத்சலா அந்த டிக்கைப் பார்த்தாள். அழகான டிக். அறையிலும் இல்லை, இங்கே வந்தும் ஆயிற்று. “அடிச்சிட்டு மறுபடி போடு” என்றாள் தமிழிலேயே. அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, ஒரு ஜாக்கெட்டை எடுத்து அவள் கழுத்தில் மாட்டி, முதுகுப் பக்கம் பட்டையை இழுத்து இறுக்கி, இன்னும் ஒரு தடவை இறுக்கி, இப்போது நீங்கள் சேஃப் என்றாள். திரும்பிப் பார்த்தபோது ரெக்ஸ் படியேறிப் போய்க்கொண்டிருந்தான்.

வரிசைக்குள் தள்ளப்பட்டுத் தணிகைவேலின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் முன்னால் பார்த்தபடியே பல்லுக்குள் பேசினார். “மானம் போச்சு. இந்தக் கோலத்துல உன்னை யாரு வரச் சொன்னா? நான்தான் நீ வந்தாச்சுன்னு சொல்லிட்டேனே!”

“தலைவலின்னு சொல்லச் சொன்னேன்.”

“தலைவலின்னா டாக்டர அனுப்புவான். பாத்ரூம் போயிருக்கா, இங்கதான் இருக்கான்னேன். பொய்யா?”

“கப்பல் முழுகியிருந்தாலும் படகுல உக்காந்துகிட்டு இதையேதான் சொல்லியிருப்பீங்க.”

கேப்டன் ஸ்பீக்கரில் பேச ஆரம்பித்தார், யாரும் அசையக் கூடாது என்றார்கள். தணிகைவேல் அவள் தலையிலிருந்து சொட்டுவது தன் வெள்ளைப் பேன்ட்டில் படாமலிருக்க அரையடி தள்ளி நின்றார். அதற்கு மேல் தள்ளுவதற்குக் கயிறு இடம் கொடுக்கவில்லை.